விழுந்தால் வேலைப் பயணம். பிழைத்தால் சொந்தப் பயணம்!

விடியற்காலை நாலரை மணி. திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காடு இன்னும் கண் விழிக்கவில்லை. குண்டாற்றிலே மணல்தான் ஓடுகிறது. கம்மாயிலே வெடிப்புத்தான் விளைந்திருக்கிறது. சாலையின் இருபுறமும் சீமைக் கருவேல் மட்டும் கேட்பாரற்று, வெட்டுவாரற்று, செழித்து நிற்கிறது. அந்தக் கருக்கலிலே ஒரு சத்தம். ஒரு டி.வி.எஸ். 50 வருகிறது. அதன் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் ஒரு பழைய மோட்டார் சைக்கிள். அதிலே இரண்டு பேர். கையிலே தூக்குச்சட்டி, தலையிலே துண்டு, கண்ணிலே தூக்கம்.

எங்கே போகிறார்கள்? அருப்புக்கோட்டைக்கு. நூல் மில்லிலே ஆறு மணி ஷிப்டு. சங்கு ஊதுவதற்குள் உள்ளே இருக்க வேண்டும். இல்லையென்றால் அரை நாள் கூலி போயிற்று.

இவர்களுடைய பாட்டன்மார் இந்த மண்ணிலே கம்பு விதைத்தார்கள், பருத்தி விதைத்தார்கள், மல்லியும் மிளகாயும் போட்டார்கள். வானம் பார்த்த பூமி அது. வானம் கண் திறந்தால் வயிறு நிறையும். வானம் ஏமாற்றினால் கரிமூட்டம் போட்டுக் காலம் தள்ள வேண்டும். பேரன் கலப்பையை விட்டுவிட்டுக் கதிரைப் பிடித்தான். நெற்கதிரையல்ல, நூற்கும் கதிரை! ஆனால் வீடு கிராமத்திலே, வேலை நகரத்திலே. நடுவிலே ஒரு சாலை. அந்தச் சாலையைக் கடக்க ஒரு வண்டி. அந்த வண்டியை ஓட்டப் பெட்ரோல்.

அந்தப் பெட்ரோல் யார் செலவு? இன்று அதைத்தான் உங்களோடு பேசப் போகிறேன். சின்ன விஷயம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு நாட்டின் சட்டம் யாருடைய வியர்வையைக் கணக்கிலே சேர்க்கிறது, யாருடைய வியர்வையைத் துடைத்துப் போடச் சொல்கிறது என்பதை இந்த ஒரு லிட்டர் பெட்ரோலை வைத்தே பார்த்துவிடலாம்.

மில் வாசலில் ஒரு டீக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்டு முடிந்து வருகிறான் ஒரு பிட்டர். அங்கே அமர்ந்திருக்கிறார் மில்லின் கணக்கெழுதுகிற பெரியவர்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். மில் காருக்குப் பெட்ரோல் போட்டா அது கணக்குல ஏறுமா?"

"ஏறாம? கம்பெனிச் செலவுல ஏறும். லாபத்துல கழிச்சுக்கிட்டு மிச்சத்துக்குத்தான் வரி."

"என் வண்டிக்கு நான் போடுற பெட்ரோலு?"

"அது உன் சொந்தச் செலவு, தம்பி."

"நான் என்ன சினிமாவுக்கா போறேன்? மில்லுக்குத்தானே வர்றேன்!"

"நீ எங்கேயிருந்து வேணும்னாலும் வா. வாசலுக்குள்ள கால் வச்ச பிறகுதான் வேலை. அதுக்கு முந்தி நீ யாரோ, மில் யாரோ."

"சரி. போன வாரம் பேரிங் வாங்கிட்டு வான்னு விருதுநகருக்கு அனுப்புனாங்களே, என் வண்டியிலதானே போனேன்? அதுவுமா சொந்தம்?"

"பில் வச்சியா?"

"இல்லையே அண்ணாச்சி."

"அப்ப அதுவும் சொந்தந்தான்!"

பெரியவர் சிரிக்கிறார். பிட்டரும் கூடச் சேர்ந்து சிரிக்கிறான். நமக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், பெரியவர் சொன்னதிலே ஒரு சொல்கூடப் பொய்யில்லை!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். போக 20 கிலோமீட்டர், வர 20. மாதத்துக்கு 25 நாள் வேலை. ஆகமொத்தம் 1,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி என்றால் மாதம் 20 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 2,000 ரூபாய். ஆண்டுக்கு 24,000 ரூபாய். டயர் தேய்வது தனி; ஆயில் மாற்றுவது தனி; இன்ஷூரன்ஸ் தனி. வீட்டிலே பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சீருடை எடுக்கும்போது கை கூசுகிறதே, அந்தக் கூச்சத்துக்குள்ளே இந்த 24,000 ரூபாய் ஒளிந்திருக்கிறது.

இப்போது சட்டப் புத்தகத்தைத் திறப்போம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 1962 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 37ஆம் பிரிவு, தொழிலுக்காக முழுமையாகச் செலவழித்த பணத்தை லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்றது. காருக்குப் பெட்ரோலா? கழித்துக்கொள். டிரைவர் சம்பளமா? கழித்துக்கொள். கார் பழசாகிறதா? ஆண்டுக்கு நூற்றுக்கு 15 வீதம் தேய்மானம் என்று கழித்துக்கொள். இரும்பு தேய்கிறது என்று சட்டத்துக்குத் தெரிகிறது. எலும்பு தேய்வது தெரியவில்லை!

இன்னும் கேளுங்கள். அதே சட்டத்தின் 17ஆம் பிரிவிலே ஒரு விளக்கம் எழுதி வைத்தார்கள். கம்பெனி கொடுத்த வாகனத்திலே வீட்டிலிருந்து அலுவலகத்துக்கும், அலுவலகத்திலிருந்து வீட்டுக்கும் ஒருவர் போய்வந்தால், அதை அவர் பெற்ற சலுகையாகக் கருதக்கூடாதாம். மில் வேனில் வந்திறங்கும் நம் சகோதரிகளுக்கும் இந்த விளக்கம் பொருந்தும். ஆகவே அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் டைரக்டர் கம்பெனிக் காரிலே வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போய்வந்தால் அது வேலையின் பகுதி. பிட்டர் தன் சொந்த வண்டியிலே அதே வாசலுக்கு வந்தால் அது அவன் சொந்த விவகாரம்! ஒரே சாலை, ஒரே வாசல், ஒரே நேரம். வண்டி யாருடையது என்பதிலேதான் நியாயம் மாறுகிறது.

எப்போதும் இப்படித்தான் இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை, தோழர்களே! கதை அங்கேதான் இருக்கிறது.

1961ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தபோது, அதன் 16ஆம் பிரிவிலே சம்பளக்காரனுக்கு ஒரு சின்னச் சாளரம் வைத்திருந்தார்கள். முதலாளியிடம் வாகனப் படி வாங்காத ஊழியர், தமக்குச் சொந்தமான வாகனத்தை வேலைக்காகப் பயன்படுத்தினால், அதன் பராமரிப்புக்கும் தேய்மானத்துக்கும் வருமான வரி அதிகாரி மதிப்பிடுகிற தொகையைச் சம்பளத்திலிருந்து கழிக்கலாம் என்று அதிலே இருந்தது. வேலையின் நிபந்தனைப்படி, கடமைக்காக மட்டுமே, தவிர்க்க முடியாமல் செய்த செலவுக்கும் கழிவு உண்டு என்று இருந்தது. அளவு சிறிதுதான். ஆனாலும், சம்பளக்காரனும் சம்பாதிப்பதற்குச் செலவழிக்கிறான் என்ற உண்மையைச் சட்டம் ஒப்புக்கொண்டிருந்தது.

1974இல், யஷ்வந்த்ராவ் சவான் நிதியமைச்சராக இருந்தபோது, அந்தச் சாளரத்தை அடைத்தார்கள். அதற்குப் பதிலாக 'நிலையான கழிவு' என்றார்கள். சம்பளத்தில் முதல் 10,000 ரூபாய்க்கு நூற்றுக்கு 20, அதற்கு மேல் நூற்றுக்கு 10, எப்படிப் பார்த்தாலும் 3,500 ரூபாய்க்கு மேல் போகாது. வாகனப் படி வாங்குபவருக்கும், முதலாளி வாகனம் கொடுத்தவருக்கும் 1,000 ரூபாய்தான் உச்சம் என்றும் எழுதினார்கள். இதைக் கவனியுங்கள். வாகனம் கிடைத்தவனுக்குக் கழிவைக் குறைத்தார்கள் என்றால், அந்தக் கழிவிலே வாகனச் செலவும் அடக்கம் என்று அவர்களே கையெழுத்துப் போட்டதாக ஆகிறது!

பிறகு? 2005இல் ப. சிதம்பரம் கொண்டுவந்த பட்ஜெட்டிலே அந்த நிலையான கழிவையே எடுத்துவிட்டார்கள். வீட்டிலிருந்து வேலைக்கு வந்துபோக முதலாளி கொடுக்கும் பயணப் படியிலே மாதம் 800 ரூபாய்க்கு வரியில்லை என்ற விதி மட்டும் மிஞ்சியது. 2015இல் அது 1,600 ஆயிற்று. அதுவும் சம்பளச் சீட்டிலே 'பயணப் படி' என்று முதலாளி எழுதிக் கொடுத்தால்தான். எழுதாத முதலாளியிடம் வேலை செய்பவனுக்கு அதுவும் இல்லை.

2018இல் அருண் ஜெட்லி நிலையான கழிவைத் திரும்பக் கொண்டுவந்தார். 40,000 ரூபாய்! மேளம் கொட்டினார்கள். ஆனால் அதே பட்ஜெட்டிலே பயணப் படி விலக்கு 19,200 ரூபாயும், மருத்துவச் செலவு விலக்கு 15,000 ரூபாயும் போயின. இரண்டையும் கூட்டினால் 34,200. மீதி? 5,800 ரூபாய். வலக்கையால் வாரிக் கொடுத்தார்கள். இடக்கையால் வழித்து எடுத்தார்கள். அந்தக் கழிவு 2019இல் 50,000 ஆயிற்று. 2024 ஜூலையில் புதிய வரிமுறையிலே இருப்பவர்களுக்கு 75,000 ஆயிற்று. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருக்கிறது. 819 பிரிவுகள் 536 ஆகச் சுருங்கின. பிரிவுகளின் எண்கள் மாறின. ஆனால் ஊழியனின் வண்டிக்கு அடைத்த சாளரம் அடைத்தபடியே இருக்கிறது.

இதிலே ஒரு சிறு வெளிச்சம். 2018இல் எல்லோருக்கும் பயணப் படி விலக்கை எடுத்தவர்கள், பார்வையற்ற, நடக்க இயலாத மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு மாதம் 3,200 ரூபாய் விலக்கை விட்டுவைத்தார்கள். நல்ல காரியம், பாராட்டுவோம். பாராட்டிவிட்டு ஒரு கேள்வியும் கேட்போம். வேலைக்கு வந்துபோவது சொந்த விவகாரம் என்றால், இந்த விலக்கு எதற்கு? வேலைக்கு வருவதற்குச் செலவு உண்டு என்பது டில்லிக்குத் தெரிந்தே இருக்கிறது என்றுதானே பொருள்!

"எதிர்க்கட்சி வக்கீல் போல் ஒருபக்கமே பேசாதே" என்று சிலர் சொல்லக்கூடும். சரி, அடுத்த பக்கத்தையும் சொல்கிறேன். நிலையான கழிவுக்கும் ஒரு நியாயம் உண்டு. எத்தனை ஊழியர்கள் பெட்ரோல் ரசீதைச் சேர்த்து வைப்பார்கள்? ஒவ்வொரு ரசீதையும் எந்த அதிகாரி பார்ப்பார்? ரசீது விற்கிற கடை ஒன்று முளைக்காதா? ஒரே தொகையாகக் கழித்துவிட்டால் தொல்லையில்லை, தகராறில்லை, கைமாறும் காசுமில்லை. இந்த வாதத்திலே உண்மை இருக்கிறது. ஆனால், மில் வாசலுக்கு எதிரே குடியிருப்பவனுக்கும் 75,000. நரிக்குடிப் பக்கத்திலிருந்து நாள்தோறும் புழுதி குடித்து வருபவனுக்கும் அதே 75,000. தொல்லையில்லாத முறைதான், தூரம் தெரியாத முறை!

தூரம் தெரியாத சட்டத்தோடு மோதிப் பார்த்தவர்கள் உண்டு. ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனின் வளர்ச்சி அதிகாரிகள் அவர்கள். 1956இல் ஆயுள் இன்ஷூரன்ஸ் நாட்டுடைமை ஆனது. ஊர் ஊராகப் போய் ஏஜெண்டுகளைத் தேடிப் பிடித்து, பாலிசி சேர்ப்பது இந்த அதிகாரிகளின் வேலை. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தால் இவர்களுக்கு வேலையில்லை. வண்டி ஓடினால்தான் வேலை. நிறையச் சேர்த்தவர்களுக்கு ஊக்கத் தொகை கிடைத்தது. "இந்தத் தொகையைச் சம்பாதிக்கத்தானே பெட்ரோலை எரித்தோம், ஏஜெண்டுகளுக்குச் செலவழித்தோம், அந்தச் செலவைக் கழியுங்கள்" என்று வழக்காடினார்கள். 1990களில் ஆந்திர, கர்நாடக உயர் நீதிமன்றங்கள் என்ன சொல்லின? ஊக்கத் தொகையும் சம்பளந்தான். சம்பளத்துக்குச் சட்டம் சொல்லும் கழிவுக்கு மேல் ஒரு காசும் கழிக்க வழியில்லை என்றன. குஜராத், பம்பாய் உயர் நீதிமன்றங்கள் சற்று இளகின. ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே வேலை. ஊருக்கு ஊர் தீர்ப்பு. நீதிபதிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. சாளரத்தை அடைத்தது பாராளுமன்றம்; திறக்க வேண்டியதும் பாராளுமன்றம்தான்.

ஆனால் இன்னொரு வழி திறந்திருக்கிறது. அது பலருக்குத் தெரியவில்லை. கடமைக்காகச் செய்கிற பயணத்துக்கு முதலாளி ஒரு படி கொடுத்தால், உண்மையிலே செலவான அளவுக்கு அந்தப் படிக்கு வரி கிடையாது. பழைய சட்டத்திலும் இந்த விதி உண்டு. புதிய சட்டத்திலும் தொடர்கிறது. ஆக, முதலாளி கொடுத்தால் வரியில்லை, கொடுக்காவிட்டால் கழிவில்லை. பெட்டி சட்டத்திலே, சாவி முதலாளி இடுப்பிலே!

இனி, கசப்பான ஒன்றைச் சொல்லவேண்டும். நம்முடைய பிட்டருக்கு நாளைக்கே கழிவு கொடுத்துவிட்டாலும் அவனுக்கு ஒரு காசு மிஞ்சாது. ஏன்? அவன் வருமான வரி கட்டுகிறவனே அல்ல! 2025ஆம் ஆண்டு பட்ஜெட்டிலே, புதிய வரிமுறையில் 12 இலட்சம் ரூபாய் வரை வருமானமுள்ளவருக்கு வரியில்லை என்று ஆக்கினார்கள். மில் கூலி அந்த மலையின் அடிவாரத்திலேயே இருக்கிறது. கழிவு என்பது நிழல் போன்றது; மரம் வைத்திருப்பவனுக்குத்தான் நிழல். மரமே இல்லாதவனிடம் போய், "நிழலை நீட்டித் தருகிறேன்" என்றால் என்ன பயன்?

அப்படியானால் அவன் வரியே கட்டவில்லையா? கட்டுகிறான்! பெட்ரோல் பங்கிலே நின்று, 100 ரூபாய்க்குப் போடு என்று சொல்லும்போதெல்லாம் கட்டுகிறான். லிட்டர் பெட்ரோல் மீது டில்லி விதித்த உற்பத்தி வரி 2014 ஏப்ரலில் 9 ரூபாய் 48 காசு. 2020 மே மாதத்தில், கொரோனா நோய் நாட்டை முடக்கிப்போட்டிருந்த காலத்தில், 32 ரூபாய் 98 காசு. பிறகு இரண்டு தடவை குறைத்து, 2022 மே மாதத்தில் 19 ரூபாய் 90 காசுக்கு வந்தது. அந்தக் குறைந்த விகிதத்தையே எடுத்துக்கொள்வோம். மாதம் 20 லிட்டர் போடும் நம் பிட்டர், மாதத்துக்கு ஏறக்குறைய 400 ரூபாய், ஆண்டுக்கு 4,800 ரூபாய் டில்லிக்குக் கட்டியிருக்கிறான். வேலைக்குப் போவதற்காக! மாநில அரசின் விற்பனை வரி அதற்கு மேலே.

இதிலே மாநிலத்துக்கு என்ன பங்கு கிடைக்கிறது? 2021 பிப்ரவரி பட்ஜெட்டுக்குப் பிறகு இருந்த 32 ரூபாய் 90 காசிலே, மாநிலங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படை உற்பத்தி வரி வெறும் 1 ரூபாய் 40 காசு. மீதியெல்லாம் மேல்வரி, கூடுதல் வரி என்ற பெயரிலே பங்கிடத் தேவையில்லாத பணம். திருச்சுழிக்காரன் கொடுத்த காசு திருச்சுழிக்குத் திரும்பி வர வழியில்லாதபடி பெயர் சூட்டியிருக்கிறார்கள்!

மாநிலமும் பெட்ரோலுக்கு வரி போடுகிறது. அதை மறைக்க நான் வரவில்லை. அந்த வரியிலேதான் சாலையும் போடவேண்டும், பள்ளிக்கூடமும் நடத்தவேண்டும். ஆனால் 2021 ஆகஸ்டிலே தமிழக நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன், பெட்ரோல் மீதான மாநில வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தபோது சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டிலே 2 கோடியே 63 இலட்சம் இருசக்கர வண்டிகள் இருக்கின்றன. உழைக்கும் ஏழைகள் பெரிதும் அவற்றையே நம்பியிருக்கிறார்கள். விலையேற்றத்தின் வலி அவர்களுக்கே அதிகம் என்றார். மாநிலத்துக்கு ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்றும் கணக்குச் சொன்னார். 3 ரூபாய் போதுமா என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் வருமான வரிக் கழிவு எட்டாத வீட்டுக்குள்ளே அந்த 3 ரூபாய் எட்டியது. அதே ஆண்டு மே மாதத்திலே தொடங்கிய, சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்ற ஏற்பாடும் அப்படித்தான். அதற்கு ரசீது வேண்டியதில்லை, ரிட்டர்ன் தாக்கல் வேண்டியதில்லை, ஆடிட்டர் வேண்டியதில்லை. ஏறி உட்கார்ந்தால் போதும்.

மற்ற நாடுகளிலே எப்படி? பிரிட்டனிலே 1853ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில், வேலைக்காகக் குதிரை வளர்க்கும் செலவைக்கூட ஊழியர் கழித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள். குதிரை போய் மோட்டார் வந்து, மோட்டார் போய் விமானம் வந்த பிறகும், இருபதாம் நூற்றாண்டின் கடைசி வரை அந்தக் குதிரை சட்டப் புத்தகத்தை விட்டு இறங்கவில்லை! வேலைக்கு நடுவே செய்யும் பயணத்துக்குத்தான் கழிவு. வீட்டிலிருந்து வேலைக்கு வருவதற்கு இல்லை என்பது அவர்கள் கொள்கை. ஆனால் கடமைப் பயணத்துக்குச் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு போகும் ஊழியருக்கு, முதல் 10,000 மைலுக்கு மைலுக்கு 45 பென்ஸ் என்று 2011இல் விகிதம் வைத்தார்கள். முதலாளி அதற்குக் குறைவாகக் கொடுத்தால், குறைந்த தொகையை ஊழியரே கழிவாகக் கேட்கலாம். சாவி முதலாளியிடம் மட்டும் இல்லை. ஊழியர் கையிலும் ஒன்று இருக்கிறது.

ஜெர்மனியோ இன்னும் ஒரு படி மேலே. வீட்டுக்கும் வேலைக்கும் உள்ள தூரத்தை அளந்து, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழிவு கொடுப்பது அங்கே வெகுகால வழக்கம். மோட்டாரில் வந்தாலும் சரி, சைக்கிளில் வந்தாலும் சரி. 2007இல் அந்த நாட்டு அரசு, நம் டீக்கடைப் பெரியவர் சொன்னதையே சட்டமாக்கியது. வேலை என்பது தொழிற்சாலை வாசலிலே தொடங்குகிறது; அதற்கு முந்தியது சொந்த வாழ்க்கை; ஆகவே முதல் 20 கிலோமீட்டருக்குக் கழிவு கிடையாது என்றது. ஊழியர்கள் வழக்காடினார்கள். 2008 டிசம்பர் 9ஆம் நாள், அரசியல் சட்ட நீதிமன்றம் அந்த மாற்றத்தைச் செல்லாது என்றது. கஜானாவுக்குப் பணம் வேண்டும் என்பது மட்டும் சமத்துவத்தை மீறப் போதுமான காரணம் ஆகாது என்றது. பழைய கழிவு திரும்பி வந்தது. 2026 முதல் முதல் கிலோமீட்டரிலிருந்தே 38 சென்ட் என்று உயர்ந்தும் இருக்கிறது.

வாசலிலேதான் வேலை தொடங்குகிறதா? இந்தக் கேள்வியை நம் நாட்டு நீதிமன்றத்திலும் கேட்டார்கள். ஆனால் வரி வழக்கிலே அல்ல, விபத்து வழக்கிலே.

1971இல் ஒரு தொழிலாளி சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தொழிற்சாலைக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர்தான். லாரி மோதியது. தொழிலாளர் இன்ஷூரன்ஸ் திட்டத்தில் நஷ்டஈடு கேட்டார். 25 ஆண்டுகள் வழக்கு நடந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வரும் வழியிலே நேர்ந்தது வேலைக் காயம் ஆகாது என்று முடித்தது. வாசலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் விழுந்தவன் யாரோ! அந்த அநியாயம் உறுத்தியது. 2010இல் தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் சட்டத்திலே திருத்தம் கொண்டுவந்தார்கள். வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதும், வேலையிலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போதும் நேரும் விபத்து, நேரத்தாலும் இடத்தாலும் சூழ்நிலையாலும் வேலையோடு தொடர்புடையது என்று காட்டினால், அது வேலையின்போது நேர்ந்த விபத்தே என்று எழுதினார்கள்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்கும் ஒரு படி மேலே போயிற்று. மகாராஷ்டிரத்திலே ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி. விடியற்காலை 3 மணிக்கு டூட்டி. 2003இல் மோட்டார் சைக்கிளில் வரும் வழியிலே, ஆலைக்கு 5 கிலோமீட்டர் தூரத்தில் இறந்துபோனார். அவர் குடும்பத்துக்கு, வேறொரு சட்டமான தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழும் நஷ்டஈடு உண்டு என்று தீர்ப்பு வந்தது. 22 ஆண்டுகள் கழித்து! 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதே வழியில் போகிறது.

நல்ல சட்டம், நல்ல தீர்ப்பு. வரவேற்போம். ஆனால் இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தோழர்களே! வழியிலே விழுந்து செத்தால், அது வேலைப் பயணம். விழாமல், சாகாமல், பத்திரமாக வந்து எட்டு மணி நேரம் உழைத்துவிட்டு வீடு திரும்பினால், அது சொந்தப் பயணம்! இன்ஷூரன்ஸ் வேறு, வருமான வரி வேறு என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் சாலை ஒன்றுதான். போகிறவனும் ஒருவன்தான். அவன் பிணமான பிறகு பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு, அவன் உயிரோடு போகும்போது பார்க்கத் தெரியாதா?

ஆகவே நாம் என்ன செய்யவேண்டும்?

முதலாவது, தொழிற்சங்கத் தோழர்களுக்கு. அடுத்த கூலி ஒப்பந்தத்திலே ஒரு வரி சேருங்கள். மில் வேலையாக, மில் உத்தரவிலே, தொழிலாளி தன் வண்டியில் போனால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தனியே கொடுக்கவேண்டும். முதலாளிக்கு நஷ்டமில்லை, அவர் அதைத் தம் கணக்கிலே செலவாகக் கழித்துக்கொள்வார். ஊழியர் வரி கட்டுகிறவராக இருந்தாலும், செலவான அளவுக்கு வரியில்லை. நீங்கள் செய்யவேண்டியது ஒரு நாலணா நோட்டு வாங்கி வைப்பது போன்ற சின்னக் காரியம். தேதி, போன இடம், எதற்காக, எத்தனை கிலோமீட்டர், அனுப்பியவர் கையெழுத்து. பங்கிலே கேட்டால் பில் தருவார்கள், கேட்கப் பழகுங்கள். "பில் வச்சியா?" என்ற கேள்விக்கு இனி நம் பிட்டர் தலை குனியக் கூடாது.

இரண்டாவது, பாராளுமன்றத்தில் இருப்பவர்களுக்கு. வரி கட்டும் ஊழியருக்கு நிலையான கழிவு இருக்கட்டும். அதோடு தூரத்துக்கும் ஒரு கணக்கு வையுங்கள். குடியிருக்கும் ஊரும் வேலை பார்க்கும் ஊரும் தெரிந்தால் தூரம் தெரியும். ரசீது மூட்டை வேண்டியதில்லை.

மூன்றாவது, வரி கட்டும் அளவுக்குக் கூலி வாங்காத பெரும்பான்மையோருக்கு. அவர்களுக்குக் கழிவு வேண்டாம்; பெட்ரோல் வரி குறைய வேண்டும். ஷிப்டு நேரத்துக்குப் பேருந்து வேண்டும். ஆறு மணிக்குச் சங்கு என்றால் ஐந்து மணிக்குக் கிராமத்திலே பஸ் நிற்க வேண்டும். பஸ் வந்தால் வண்டி வீட்டிலே நிற்கும்; மாதம் 2,000 ரூபாயும் வீட்டிலே நிற்கும். இந்தக் கோரிக்கையை டில்லியிடம் மட்டுமல்ல, நம் மாநில அரசிடமும் கேட்போம். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் கேட்போம்.

நான்காவது, வீட்டிலே இருக்கும் தாய்மாருக்கும் சகோதரிகளுக்கும் சொல்லி வையுங்கள். வேலைக்குப் போகும் வழியிலோ, திரும்பும் வழியிலோ விபத்து என்று செய்தி வந்தால், "வழியிலேதானே விழுந்தான், மில்லிலே இல்லையே" என்று யாராவது சொல்லித் திருப்பி அனுப்பினால், ஏற்காதீர்கள். ஷிப்டு நேரம் எது, வழக்கமான வழி எது, விபத்து நடந்த மணி எது என்று எழுதி வைத்துக் கேளுங்கள். அது பிச்சையல்ல, சட்டம் கொடுத்த உரிமை.

நாளைக்கும் நாலரை மணிக்கு அந்தச் சாலையிலே வெளிச்சம் வரும், சூரியனுடையதல்ல, டி.வி.எஸ். 50 விளக்குடையது. பிட்டர் வருவான். பெட்ரோல் டாங்கி மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டிப் பார்த்து, சலசலப்பைக் கேட்டு, இன்றைக்குப் போதும் என்று மூடுவான். அவன் கணக்குப் போட்டுவிட்டான். நாடு இன்னும் போடவில்லை.

போட வைப்போம், தோழர்களே! அவன் பத்திரமாக வீடு திரும்பும் நாளிலும் அந்தப் பயணம் கணக்கிலே வரட்டும்!